பேர் வந்தது, பேச்சு வரவில்லை

சிற்றலை வானொலிகளின் நேயர் கடித நிகழ்ச்சிகள் குறித்து ஒரு திறனாய்வு

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கடலையொட்டிக் கிடக்கும் மீனவர் குப்பங்களுள் ஒன்றில், 1990களின் தொடக்கத்தில் எனக்கு ஒரு பெரியவர் பழக்கமானார். கட்டுமரக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆயினும் உலக நடப்பு அறிந்தவர். துருவேறிய செப்புக் கம்பியொன்றைத் தென்னையில் ஏரியலாகக் கட்டி, அதன் மறுமுனையைத் தம் டிரான்சிஸ்டரில் இணைத்திருந்தார். இரவுச் சோறு முடிந்ததும் குப்பத்து ஆண்கள் நான்கைந்து பேர் மணலில் வந்தமர்வார்கள். முள்ளை மெல்லத் திருப்பி, இரைச்சலின் நடுவிலிருந்து ஒரு தமிழ்க் குரலை அவர் பிடித்தெடுக்கும்போது, வலைக்கண்ணிலிருந்து மீனைக் கழற்றும் அதே பக்குவம் அவர் விரல்களில் தெரியும். செங்கற்பட்டில் ஆசிரியப் பணியிலிருந்த நான், விடுமுறை நாள்களில் அந்த மணலில் அமர்ந்து கேட்டவர்களுள் ஒருவன்.

ஓர் ஐப்பசியில் கடல் பொங்கிற்று. இரண்டு நாள் கழித்து, ஒரு வெளிநாட்டு வானொலியின் தமிழ்ச் செய்தியில் இந்தக் கடற்கரையில் பெருஞ்சேதம் ஏதுமில்லை என்று கூறினார்கள். பெரியவரின் கட்டுமரம் உடைந்திருந்தது, வலைகள் போயிருந்தன. அக்கம்பக்கத்தில் பலர் நிலையும் அதுவே. உயிரிழப்பு இல்லாததால் சேதமில்லை என்றாகிவிட்டது. "தம்பி, அவுங்களுக்கு ஒரு கடுதாசி எழுது. மரம் போனா மனுசன் போன மாதிரிதான்னு எழுது" என்றார். எழுதினேன். தொடக்கத்தில், வழக்கத்தின்படி, 'தங்கள் நிகழ்ச்சிகள் யாவும் அருமை; ஒலித்தெளிவு நன்று' என்று நானாக ஒரு வரி சேர்த்தேன்.

இரண்டு மாதத்திற்குப் பின் அந்தக் கடிதம் நேயர் நிகழ்ச்சியில் இடம்பெற்றது. பெரியவரின் பெயரையும் ஊரையும் அறிவிப்பாளர் இனிமையாக உச்சரித்தார். 'நிகழ்ச்சிகள் யாவும் அருமை' என்ற வரியைப் படித்து, "தங்கள் கடிதம் கண்டோம், நன்றி" என்று கூறி அடுத்த கடிதத்திற்குச் சென்றுவிட்டார். மணலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பெரியவர் மட்டும் பேசாதிருந்தார். பின்பு, "என் பேரு வந்துச்சு தம்பி, என் பேச்சு வரலியே" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னுள் கிடக்கும் அந்த வாக்கியமே இக்கட்டுரைக்கு வித்து. தமிழில் ஒலித்த பன்னாட்டு வானொலிகளின் செய்தியைப் பற்றியும் மொழிநடையைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். அவற்றின் நேயர் கடித நிகழ்ச்சியைத் தனியொரு வடிவமாக எடுத்துக்கொண்டு மதிப்பிட்டவர்கள் குறைவு. ஒரு நிறுவனம் தன்னைக் கேட்போரை எவ்வாறு கேட்கிறது என்பதை அந்த நிகழ்ச்சியே காட்டிக்கொடுக்கிறது என்பது என் துணிபு.

இருளில் பேசியவர்கள்

கடிதத்திற்கு ஏன் அத்துணை மதிப்பு இருந்தது என்பதை முதலில் காண்போம். சிற்றலை என்பது வானத்தைக் கண்ணாடியாக்கிக் கொள்ளும் கலை. பூமியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. அவற்றில் பட்டு வளைந்து திரும்பும் அலை, கடல்களையும் மலைகளையும் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகிறது. இரவுக்கும் பகலுக்கும், கோடைக்கும் மாரிக்கும், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் பெருக்கத்திற்கும் ஏற்ப அந்த அடுக்குகள் மாறும். ஆகவே அனுப்பியவருக்கே தம் குரல் எங்கு இறங்கிற்று, எவ்வளவு தெளிவாக இறங்கிற்று என்பது தெரியாது. இலண்டனிலோ மணிலாவிலோ ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவர் உண்மையில் இருளை நோக்கியே பேசினார். மறுமொழி வரும்வரை அவருக்குக் கேட்பவர் இல்லை.

இந்த இருளைப் போக்கவே ஒலித்தர அறிக்கை என்ற முறை பிறந்தது. அலையின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலைப் பயணத்தில் நேரும் ஏற்றத்தாழ்வு, ஒட்டுமொத்தத் தரம் ஆகிய ஐந்திற்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவார்கள். ஐந்தும் ஐந்தாக இருந்தால் மிகத் தெளிவு என்று பொருள். கேட்ட நாள், நேரம், அலைவரிசை, நிகழ்ச்சியின் குறிப்பு ஆகியவற்றுடன் இதனை எழுதி அனுப்பினால், நிலையத்தார் சரிபார்த்து ஒரு வண்ண அட்டையை உறுதிச்சான்றாக அனுப்பி வைப்பார்கள். தமிழகத்தின் சிற்றூர்களில் இத்தகைய அட்டைகளைச் சட்டமிட்டு மாட்டிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு உலகப் படத்தின் மீது பிடிப்பு உண்டானதே அந்த அட்டைகளால்தான்.

ஆக, நேயர் கடிதத்தின் முதற்பணி விமர்சனமன்று, சாட்சியம். 'நீர் பேசியது இங்கே கேட்டது' என்று சொல்வது. இது சிறிய பணியன்று. ஆனால் கடிதம் அந்த முதற்பணியிலேயே நின்றுவிட்டதா, 'நீர் பேசியது சரியா' என்ற இரண்டாம் கேள்விக்கு உயர்ந்ததா என்பதே நம் வினா.

தமிழில் ஒலித்த தொலைக்குரல்கள்

பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1941 மே 3ஆம் நாள் தொடங்கிற்று. அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை எழுதிய அறிஞர். பீக்கிங்கிலிருந்து தமிழ் ஒலிபரப்பு 1963இல் எழுந்தது. மாஸ்கோவிலிருந்தும் தமிழ் கேட்டது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதரின் விருப்பத்தால் மார்க்கோனியே முன்னின்று நிறுவ, 1931 பிப்ரவரி 12இல் தொடங்கப்பெற்ற வத்திக்கான் வானொலியிலும் பின்னாளில் தமிழ் ஒலித்தது. ஆசிய ஆயர்களின் கனவாகப் பிறந்து 1969இல் மணிலாவில் தொடங்கிய வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி 1976இல் பிறந்தது. 'வேரித்தாஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு உண்மை என்பது பொருள்.

இவை யாவற்றினும் நம் கடற்கரைக்கு நெருங்கியது இலங்கை வானொலி. 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய அந்நிலையத்தின் தமிழ்க் குரல்கள், பல வேளைகளில் உள்ளூர் நிலையத்தைவிடத் தெளிவாகச் சோழமண்டலக் கரையில் ஒலித்தன. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோர் பெயர்களை அறியாத வீடு அக்காலத்தில் அரிது.

இந்நிலையங்கள் அனைத்திற்கும் நேயர்களோடு உறவு இருந்தது. அந்த உறவின் தன்மை ஒன்றாக இல்லை. இலங்கை வானொலி நேயரைப் படைப்பாளியாக்கிற்று. 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கு நேயர்களே கதையெழுதி, பாடல்களைத் தேர்ந்து அனுப்பினர். 'பாட்டுக்குப் பாட்டு' நேயரை மேடைக்கே அழைத்தது. திரைப்பாடலை நம்பிய எளிய நிகழ்ச்சிகள் என்று இவற்றைப் புறந்தள்ளுவோர் உண்டு. ஆயினும் நேயரின் சொல்லுக்கு முழுமையாக இடம் கொடுத்தவை அவையே. நேயர் எழுதியதே நிகழ்ச்சியாயிற்று; அங்கே பேரும் வந்தது, பேச்சும் வந்தது.

வேரித்தாசும் வத்திக்கான் வானொலியும் நேயரை உறவினராக்கின. நோயுற்றவர் தம் துன்பத்தை எழுதினார், அவருக்காகச் செபித்தார்கள். வேற்றுச் சமயத்தாரும் மனம் விட்டு எழுதினர். நேயர் சந்திப்புகளில் முகமறியாக் குரலுக்குரியவரை நேரில் கண்டு கண்ணீர் மல்கியவர்கள் உண்டு. இந்த ஆறுதற்பணியின் மேன்மையை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. அயல்நாட்டில் தனித்திருந்தவருக்கும், போரினால் சிதறியவருக்கும், 'உன்னை ஒருவர் நினைக்கிறார்' என்று சொல்லும் குரல் உணவுக்கு ஒப்பானது.

குறைகள் மூன்று

இத்துணை நன்மைகளையும் ஒப்புக்கொண்ட பின், குறைகளைக் கூறுவது திறனாய்வின் கடமை.

முதற்குறை, கடிதம் எண்ணப்பட்டது, எடைபோடப்படவில்லை. பன்னாட்டு வானொலிகள் கட்டணத்தால் வாழ்ந்தவையல்ல. அரசின் மானியத்தாலோ திருச்சபையின் கொடையாலோ வாழ்ந்தவை. பி.பி.சி.யின் உலகச் சேவைக்கே 2014 வரை பிரித்தானிய வெளியுறவுத் துறையின் மானியம்தான் முதன்மை ஆதாரம். அதன் பின்னரே உரிமக் கட்டணம் அப்பொறுப்பை ஏற்றது. பணம் கொடுப்பவருக்கு 'எங்களைக் கேட்கிறார்கள்' என்று காட்டக் கையிலிருந்த எளிய சான்று கடித எண்ணிக்கை. எண்ணிக்கைதான் தேவையென்றால், புகழும் கடிதமும் இடித்துரைக்கும் கடிதமும் ஒன்றே. எண்ணியபின் இரண்டாவதை ஒதுக்கிவிடலாம். பெரியவரின் கடிதத்திற்கு நேர்ந்தது அதுவே. அது யாரோ ஒருவரின் தீய நோக்கத்தால் நேர்ந்ததன்று. குறைந்த நேரத்தில் பல பெயர்களைச் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில், புகழ்வரி விரைவாகப் படிக்கத்தக்கது. முறையீடு விளக்கம் கேட்பது. எனவே புகழ் நின்றது, முறையீடு போயிற்று.

இரண்டாம் குறை நம்முடையது. நேயர்களாகிய நாமே ஒரு வாய்பாட்டை உருவாக்கிக் கொண்டோம். 'தங்கள் நிகழ்ச்சிகள் தேனினும் இனிமை', 'செய்திகள் சிறப்பு', 'கட்டுரை கருத்துச் செறிவு' என்று எந்த நிலையத்துக்கும், எந்த வாரத்துக்கும் பொருந்தும் வரிகளை எழுதி அனுப்பினோம். பெயர் வாசிக்கப்பட வேண்டும் என்ற ஆசை, கருத்து கேட்கப்பட வேண்டும் என்ற ஆசையை விழுங்கிற்று. நேயர் மன்றங்கள் அறிவை வளர்த்தன; நட்பை வளர்த்தன; அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த மன்றம் அதிகக் கடிதம் அனுப்பிற்று என்ற போட்டியும் சேர்ந்தே வளர்ந்தது. நாட்காட்டியும் பேனாவும் பரிசாக வரும் இடத்துக்குக் கண்டனம் எழுதக் கை கூசுமல்லவா? தமிழில் வாழ்த்துப்பாவிற்கு நெடிய மரபு உண்டு. மன்னனை இடித்துரைக்கும் புலவனின் மரபும் அதே அளவு நெடியது. நாம் முதலாவதை மட்டும் அஞ்சலில் சேர்த்தோம்.

இங்கே என் பங்கையும் ஒளிக்காமல் கூறவேண்டும். பெரியவர் சொல்லாத புகழ்வரியைக் கடிதத்தில் சேர்த்தவன் நான். அவர் சொல்லியது ஒன்றே ஒன்று. மரம் போனால் மனிதன் போன மாதிரி. அதைக் கடிதத்தின் முதல் வரியாக வைத்திருந்தால், அறிவிப்பாளர் அதைத் தாண்டிச் செல்வது கடினமாயிருக்கும். நிலையத்தார் வெட்டினர் என்று குறை கூறும் நான், வெட்டுவதற்கு வசதியாக எழுதிக் கொடுத்தவன்.

மூன்றாம் குறை ஆழமானது. கடிதம் எழுத்தறிந்தவரின் கருவி. கேட்டல் எல்லாருக்கும் பொது. எழுதுதல் சிலருக்கே வாய்த்தது. அடுப்படியிலிருந்து கேட்ட பெண்கள், உளி பிடித்த மாமல்லபுரத்துக் கல்தச்சர்கள், உப்பளத்திலும் வயலிலும் உழைத்தவர்கள் ஆகியோரின் கருத்து கடிதமாவதற்கு இடையில் ஒருவர் தேவைப்பட்டார். அந்த இடையாள், என்னைப் போலவே, பேச்சை ஏட்டுத்தமிழாக்கினார், கோபத்தைப் பணிவாக்கினார். நான் கேட்ட நேயர் நிகழ்ச்சிகளில் மீனவப் பெண்ணொருத்தியின் கருத்து அவளுடைய சொல்லிலேயே ஒலித்ததாக நினைவில்லை. சிற்றலை, பேரரசுகளின் எல்லைகளைக் கடந்தது. எழுத்தறிவின் எல்லையை ஒரு திசையில் மட்டுமே கடந்தது. குரல் குடிசைக்குள் வந்தது. குடிசையின் குரல் திரும்பிச் செல்லவில்லை.

பதில் சொல்லும் கடமை

வேறு வகையாகவும் செய்ய இயலும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. பி.பி.சி. உலகச் சேவையின் ஆங்கிலப் பிரிவில் 'ஓவர் டு யூ' என்னும் நிகழ்ச்சி உண்டு. நேயர் எழுப்பும் குறையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பொறுப்பான தயாரிப்பாளரையோ பதிப்பாசிரியரையோ ஒலிவாங்கியின் முன் அமர்த்தி விளக்கம் கேட்கும் அமைப்புடையது அது. விளக்கம் சில வேளை நிறைவளிக்கும். சில வேளை மழுப்பலாயிருக்கும். எனினும் நேயர் கேட்டார், பொறுப்பாளர் பதில் சொன்னார் என்ற உறவு நிலைநாட்டப்படுகிறது. 'கடிதம் கண்டோம்' என்பதற்கும் 'உங்கள் கேள்விக்கு இதோ விடை' என்பதற்கும் உள்ள தொலைவு, உபசாரத்துக்கும் நீதிக்கும் உள்ள தொலைவு.

ஈழப்போர்க் காலத்தில் இத்தகைய மன்றம் நமக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். இலங்கைச் செய்திக்காகத் தமிழோசையை நம்பியவர்கள் இரு கரைகளிலும் ஏராளம். அச்செய்தி எப்பக்கம் சாய்கிறது என்று ஐயுற்றவர்களும் ஏராளம். செங்கற்பட்டு இரயிலடித் தேநீர்க் கடையில் அந்த வாக்குவாதத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு சொல்லை ஏன் பயன்படுத்தினார்கள், ஒரு தரப்பின் மறுப்பை ஏன் சேர்த்தார்கள் என்று அந்தக் கடையில் கேட்கப்பட்டவை, எந்த ஆசிரியர் குழுவும் விடையளிக்கத்தக்க நேர்மையான வினாக்கள். ஆனால் வினவியவர்கள் எழுதவில்லை. எழுதினாலும் பயனில்லை என்று எண்ணினார்கள். நம்பிக்கையின்மை அப்படித்தான் வளர்கிறது. மறுக்கப்பட்ட கேள்வியைவிடக் கேட்கப்படாமலே புளித்துப்போன கேள்வி கொடியது.

திருச்சபையின் போதனை இவ்விடத்தில் தெளிவானது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விருப்பப்படி 1971இல் வெளிவந்த, 'ஒன்றிப்பும் முன்னேற்றமும்' என்று பொருள்படும் தலைப்புடைய மேய்ப்புப்பணி ஏடு, சமூகத் தொடர்புச் சாதனங்களின் நேயர்களை வெறும் பெறுநராகக் கருதவில்லை. அச்சாதனங்களின் தரத்தை உயர்த்தும் ஆற்றல் அவர்களுக்கு உண்டென்றும், அதனால் பொறுப்பும் உண்டென்றும் கற்பிக்கிறது. அவ்வாறாயின், வாய்பாட்டுப் புகழுரை எழுதுவது வெறும் இலக்கியக் குறையன்று, கடமையில் தவறுவதுமாகும். உண்மை என்று பெயர் பூண்ட நிலையத்துக்கு உண்மையையன்றி வேறு எதை எழுதி அனுப்புவது?

மணிலாவின் வரலாறே இதற்கொரு பாடம். 1986 பிப்ரவரியில், கர்தினால் ஹைமே சின் அங்குள்ள உள்நாட்டு வேரித்தாஸ் நிலையத்தின் வழியாக மக்களை எட்சா நெடுஞ்சாலைக்கு வரும்படி அழைத்தார். இலட்சக்கணக்கானோர் செபமாலையும் மலரும் ஏந்தி வந்தார்கள். சர்வாதிகார ஆட்சி வீழ்ந்தது. அவ்வாண்டே அந்நிலையத்துக்கு மகசேசே விருது கிடைத்தது. அன்று நேயரின் மறுமொழி அஞ்சலில் வரவில்லை, நடந்து வந்தது. அதற்கு முன்பே அந்நிலையம் மக்கள் பேச அஞ்சியவற்றைப் பேசி அவர்களது நம்பிக்கையை ஈட்டியிருந்தது. மக்களைக் கேட்ட வானொலியின் அழைப்பை மக்கள் கேட்டார்கள்.

மூடும்போது கேட்ட குரல்

நேயர் குரலின் வலிமையும் வலியின்மையும் ஒருங்கே வெளிப்பட்டது, சிற்றலை மறையத் தொடங்கிய காலத்தில். 2011 சனவரியில் பி.பி.சி. பெரும் செலவுக் குறைப்பை அறிவித்தது. ஐந்து மொழிச் சேவைகள் மூடப்பட்டன. இந்தி உள்ளிட்ட சிலவற்றின் சிற்றலை ஒலிபரப்பும் நிறுத்தப்படும் என்றனர். வடநாட்டுச் சிற்றூர்களிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. மார்க் டல்லி முதலிய அறிஞர்களும் எழுத்தாளர்களும் வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தனர். விளைவாக, மாலையில் ஒரு மணி நேர இந்தி ஒலிபரப்பு பிழைத்தது. ஒருவாறு அது 2020 சனவரி 31 வரை நீடித்தது. கேட்டவர் வாய் திறந்தால் ஒன்பது ஆண்டு கிடைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாளுடன் ஓய்ந்தது. எழுபத்தாறு ஆண்டு நிறைவதற்கு மூன்று நாள் குறைவு. வேரித்தாசின் சிற்றலை 2018 சூன் 30ஆம் நாளுடன் ஓய்ந்தது. இருவருடைய தமிழ்ப்பணியும் இணையத்தில் தொடர்கிறது. எனவே முற்றும் அழிந்ததாகக் கூறுவது தவறு. செலவு, குறைந்துவரும் நேயர் தொகை, கைப்பேசியின் பெருக்கம் ஆகிய காரணங்களும் பொய்யல்ல. இருந்தும் ஒன்றை நோக்குங்கள். அந்த இரவுகளில் எழுந்த இரங்கலுரைகளில் பெரும்பாலானவை மீண்டும் புகழுரைகளே. 'தேனினும் இனிய குரலை இழந்தோம்' என்றோம். சிற்றலை நின்றால் எவர் காது அடைபடும், அவரிடம் கேட்டீர்களா என்ற வினாவை உரத்து எழுப்பினோமில்லை. எழுபது ஆண்டுகள் வாழ்த்தியே பழகிய நாவுக்கு வழக்காடத் தெரியவில்லை.

அந்த வினா கற்பனையன்று. சிற்றலைக்குச் சந்தாவில்லை, கோபுரம் அருகில் இருக்க வேண்டியதில்லை, எவர் கேட்டார் என்ற தடயமும் மிஞ்சாது. பேட்டரி வாங்கக் காசிருந்தால் போதும். கரையை விட்டுச் சில கடல்மைல் சென்றால் கைப்பேசி ஊமையாகும். சிற்றலைக்கு அந்த எல்லை இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வழியாகக் கோவளம் வரை நம் கரையைக் கடல் விழுங்க வந்தபோது, எந்த அலைவரிசையிலும் முன்னறிவிப்பு வரவில்லை. அந்த நாளை நினைவில் வைத்திருப்போருக்கு, தொலைவிலிருந்து வரும் ஒரு குரல் நின்றுபோவது வெறும் ஏக்கத்துக்குரிய செய்தியன்று.

விருப்பக்குறியும் வார்த்தையும்

இன்று மறுமொழி கூறுவது எளிதாகிவிட்டது. கட்டைவிரலை அழுத்தினால் விருப்பக்குறி விழும். எத்தனை பேர் கேட்டனர், எந்த நொடியில் விலகினர் என்பதெல்லாம் நிலையத்தாருக்கு உடனே தெரியும். இருளில் பேசிய காலம் முடிந்தது. ஆனால் என் முதற்குறை தீரவில்லை, பெருகிற்று. அன்று கடிதங்களை எண்ணினார்கள். இன்று எண்ணுவதற்கு மட்டுமே நாம் எதையோ அனுப்புகிறோம். கடிதத்திலாவது வெட்டப்படுவதற்கு ஒரு முறையீடு இருந்தது. விருப்பக்குறியில் வெட்டுவதற்கே ஒன்றுமில்லை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. இராமேசுவரம் தீவின் பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' என்னும் சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் மீனவர்களுக்காக ஒலிக்கிறது. காற்றும் அலையும் மீன்வளமும் அங்கே மீனவரின் நாவிலேயே பேசப்படுகின்றன. அது தூரத்துக் குரலன்று. உலகச் செய்தி தருவதும் அதன் வேலையன்று. ஆயினும் சிற்றலையால் இயலாத ஒன்றை அது செய்கிறது. கேட்பவரும் பேசுபவரும் ஒரே மணலில் நிற்கிறார்கள். அங்கே ஒரு கட்டுமரம் உடைந்தால், 'பெருஞ்சேதம் ஏதுமில்லை' என்று அறிவிக்க எவருக்கும் நா எழாது. மாமல்லபுரம் கடற்கரைக்கும் அத்தகையதொரு குரல் வாய்க்குமாயின் நன்று.

இந்தப் பாடம் வானொலிக்கு மட்டும் உரியதன்று. நம் பங்குகளில் பேரவை கூடுகிறது, ஆண்டறிக்கை வாசிக்கப்படுகிறது, 'அனைத்தும் சிறப்பு' என்று நாமே எழுந்து கூறி அமர்கிறோம். வெளியே வந்து மரத்தடியில் மெய்க்கருத்தைப் பேசுகிறோம். இந்த இதழுக்கு வரும் வாசகர் கடிதங்களிலும் அந்த வாய்பாடு இல்லையென்று கூற முடியுமா? அன்பினால் சொல்லப்படும் குறை, அன்பில்லாத புகழைவிட உயர்ந்த காணிக்கை. அதைச் சொல்ல நமக்கும், அதை முழுமையாக வாசிக்க மேடையில் இருப்போருக்கும் துணிவு வேண்டும்.

அந்தப் பெரியவர் இன்றில்லை. அவருடைய டிரான்சிஸ்டரைக் கடைசியாக நான் கண்டபோது அதன் முள் ஒரே இடத்தில் நின்றிருந்தது. உப்பு அதை இறுக்கிவிட்டிருந்தது. அவருக்காக இரண்டாம் கடிதம் ஒன்று எழுதித் தருவதாக அன்று சொன்னேன், எழுதவில்லை. அவர் சொன்னது சொன்னபடியே, புகழ்வரி ஏதும் சேர்க்காமல், இப்போது எழுதியிருக்கிறேன்: மரம் போனால் மனிதன் போன மாதிரிதான்.